வேலூரில் புது வீட்டுக்குக் குடிபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம், தோட்டப்பாளையம் என்று எந்தப் பக்கம் வீடு பிடித்தாலும் முதல் இரண்டு மாதத்தில் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். போர் தண்ணீரின் உப்பு, மொட்டை மாடி வழியாக இறங்கும் வெயில், யார் எப்போது போட்டது என்று தெரியாத ஒயரிங். இந்த மூன்றையும் சுற்றியே கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பால் காய்ச்சுற அன்னிக்கு வீட்டுல வேற என்னென்ன பார்த்து வைக்கணும்?

தண்ணீர், கரண்ட், கேஸ் மூன்றையும் எங்கே நிறுத்துவது என்று பாருங்கள். சாமான் இறக்கும் முன் அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள். மொட்டை மாடி டேங்கின் அடியில் சமையலறைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று என்று கேட் வால்வுகள் இருக்கும். ஒவ்வொன்றாக மூடி, கீழே எந்தக் குழாய் நிற்கிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லி, பெயிண்டால் குறித்து வையுங்கள். உப்புத் தண்ணீர் ஓடும் வால்வை வருஷக்கணக்கில் திருப்பாமல் விட்டிருந்தால் இறுகிப்போயிருக்கும். அதைப் பைப் ரெஞ்ச் போட்டு முறுக்காதீர்கள். தண்டு உடைந்தால் டேங்க் தண்ணீர் முழுக்கக் கீழே போகும். இறுகியிருக்கிறது என்று ஓனரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கரண்ட் பெட்டியில் லோடு கூடினால் தானே விழும் சுவிட்சுகள் இருக்கும், அவைதான் எம்.சி.பி. ஒவ்வொன்றாக இறக்கி, எந்த அறை அணைகிறது என்று பார்த்து, மேலே சின்னத் துண்டு டேப் ஒட்டி எழுதுங்கள். பெட்டியில் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச், இருந்தால் அதில் ‘டெஸ்ட்’ பொத்தான் இருக்கும். அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால், ஷாக் அடிக்கும்போதும் அது விழாது. மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், ஈரக்கறை, உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றே ஓனருக்கு அனுப்புங்கள். காலி பண்ணும் நாளில் அட்வான்ஸ் பேச்சு வரும்போது இது பேசும்.

சின்னச் சின்ன ரிப்பேருக்கெல்லாம் ஓனரைக் கூப்பிடணுமா, நாமே செலவு பண்ணணுமா?

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பொதுவாகச் சொன்னால், சுவர், கூரை, பைப் லைன் மாற்றுவது, உள் ஒயரிங், வெள்ளையடிப்பது ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், தாழ்ப்பாள், கொசுவலை, அடைப்பு எடுப்பது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தப் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதை முதலில் படியுங்கள். எதுவானாலும் சுவரைத் துளைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ரெண்டு தண்ணி வருதுங்க, காவேரி ஒண்ணு, போர் ஒண்ணு. எதை எதுக்கு வச்சிக்கணும்?

காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேட்டூர்ப் பக்கமிருந்து வருகிறது. தினமும் வராது. குடிக்க, சமைக்க, பருப்பு வேக வைக்க அதை வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, கழுவ. உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, துளி சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் மேலே வெள்ளைத் திரிதிரியாக மிதந்தால் கடினத்தன்மை அதிகம்.

ஒரே டேங்கில் இரண்டையும் கலந்து ஏற்றும் வீடுகள் உண்டு. அங்கே மேல் டேங்க் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். சம்ப்பில் காவிரித் தண்ணீர் விழும்போதே டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள்.

அப்போ ஆர்.ஓ. மெஷின் வாங்கித்தான் ஆகணுமா?

வாங்கும் முன், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. காவிரித் தண்ணீர் அதற்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, கொதிக்க வைத்து ஆற்றினால் போதும். போர் தண்ணீரை மட்டுமே நம்பிய வீட்டில், அளவு ஆயிரத்தைத் தாண்டினால் ஆர்.ஓ. வேண்டும். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், கரைந்த உப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஆர்.ஓ.வின் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள், மண் உப்பேறிவிடும்.

டேங்க் எப்ப கழுவினாங்கன்னே தெரியலை. எப்படிச் சுத்தம் பண்றது?

கேட் வால்வை மூடிவிட்டு, அடியில் ஒரு சாண் தண்ணீர் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துச் சேற்றை மக்கால் மொண்டு வெளியே ஊற்றுங்கள். வால்வைத் திறந்து சேற்றை வீட்டுக் குழாய் வழியாகவே தள்ளிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எல்லாக் குழாயிலும் மணல் அடைக்கும்.

பிறகு 100 லிட்டர் தண்ணீர் ஏற்றி, 15 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி மக்கில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்றிப் பக்கங்களையெல்லாம் நனைத்து, அரை மணி நேரம் விடுங்கள். அதை வடித்துவிட்டு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். பவுடர் பொட்டலம் புதிதாக இருக்க வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. பெரிய டேங்குக்குள் இறங்குவதானால் ஆள் துணையோடு இறங்குங்கள்.

குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. பிளம்பர் ரெண்டு நாளா வர்றேன் வர்றேன்னு சொல்றாரு.

முதலில் எந்த வகைக் குழாய் என்று பாருங்கள். மூன்று நான்கு சுற்றுத் திருப்பினால் மூடுவது பழைய வாஷர் வகை. கால் சுற்றில் மூடுவது பீங்கான் தட்டு வகை. வாஷர் வகைக்கு, கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, தலைப்பகுதியைச் சரியான ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். தண்டின் அடியில் கருப்பு ரப்பர் வட்டம் இருக்கும். உப்பேறி நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அதுதான் குற்றவாளி. பழைய வாஷரையே கையில் எடுத்துப்போய்க் கடையில் அதே அளவு வாங்குங்கள். வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அங்கே அரிப்பு விழுந்து நெருடினால் புது வாஷரும் ஒரு வாரம்தான் தாங்கும், குழாயையே மாற்றிவிடுங்கள்.

பீங்கான் வகை சொட்டினால் பாதி சமயம் தட்டுகளுக்கு இடையே மணலோ உப்புப் படிவமோதான் இருக்கும். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, கழுவிப் போட்டுப் பாருங்கள். தட்டில் கீறல் இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

முழுக் குழாயை மாற்றும்போது டெஃப்லான் டேப் சுற்றும் திசைதான் பலருக்கும் தவறுகிறது. மரையின் வாய் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் பக்கமாக இழுத்துச் சுற்றுங்கள். அரை இஞ்ச் மரைக்குப் பன்னிரண்டு சுற்றுக்குக் குறையாமல் வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் குழாயை முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கடைசியில் குழாய் கோணலாக நிற்கிறதே என்று பின்னோக்கித் திருப்பி நேராக்கக் கூடாது. திருப்பினால் ஒழுகும், கழற்றிப் புது டேப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சிருச்சு, பக்கெட் எல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. ஆசிட் ஊத்தலாமா?

ஆசிட் வேண்டாம். அது உப்பைக் கரைக்கும் முன் முலாமைத் தின்றுவிடும். மொசைக், மார்பிள் தரையில் பட்டால் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும். எல்லாவற்றையும் விட, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவுபவர்களுக்கு இது உயிராபத்து.

மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, ஷவர் தலையைக் கழற்றி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். கழற்ற முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி, ஷவர் மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளியே போதும். குழாய்களைத் தினமும் இரவில் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் பூப்பதே குறையும், காய்கிற சொட்டுதான் கறையாகிறது.

கெய்சர் வச்சா ஒரு வருஷத்துல போயிடுதுன்னு சொல்றாங்களே?

அதற்கும் இந்த உப்புதான் காரணம். ஹீட்டர் சுருள் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாது, சுருள் தன் சூட்டிலேயே வெடிக்கும். தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி அளவில் வையுங்கள். சூடு ஏற ஏறப் படிவமும் கூடும். வருஷம் ஒருமுறை சர்வீஸ் ஆள் வரும்போது உள்ளே மெக்னீசியம் தண்டு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். இதில் எந்தக் காரணத்துக்காகவும் விதிவிலக்கு வேண்டாம்.

சிங்க்குக்கு அடியில ஒழுகுது. எம்சீல் வச்சேன், நிக்கலை.

மரை போட்ட இணைப்பின் மேல் எம்சீல் நிற்காது. முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். எல்லா இணைப்பையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் டிஷ்யூ பேப்பர் துண்டு சுற்றி, சிங்க்கில் அரைக் குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் முதலில் நனையும் பேப்பர் எதுவோ அங்கேதான் ஓட்டை. கீழே நனைவதெல்லாம் வழிந்து வந்த தண்ணீர். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் இறுகியிருக்கும், மாற்றிக் கையாலேயே இறுக்கினால் போதும். பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனரால் முறுக்கினால் கீறல் விடும்.

எம்சீல் உபயோகப்படும் இடம், அழுத்தம் இல்லாத வடிகால் பைப்பில் விழுந்த கீறல். அங்கேயும் தண்ணீரை நிறுத்தி, நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். இரண்டு உருண்டையையும் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து பூசி, ஈர விரலால் ஓரத்தை வழித்துவிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் விடக் கூடாது. மோட்டார் ஏற்றும் பைப்பில் கீறல் என்றால் அந்தத் துண்டை அறுத்து கப்ளிங் போடுவதே வழி.

லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தா வீடு பூரா சாக்கடை நாத்தம். அடைப்பா?

அடைப்பு இல்லை. தரை ஜாலிக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் மறிக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் புழங்காத பாத்ரூமில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் அன்றே நாற்றம் நிற்கும். ஊருக்குப் போகும் முன் ஒரு மக் தண்ணீரும் அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தடுக்கும்.

தண்ணீர் ஊற்றியும் நாறினால், ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். சில வீடுகளில் அந்த வளைவே வைக்காமல் நேர் பைப் போட்டிருப்பார்கள். அது ஓனரிடம் பேச வேண்டிய விஷயம்.

கொசு தாங்கலை. ஜன்னலுக்கு வலை அடிச்சாச்சு, அப்பவும் வருது.

மாடிக்குப் போய் செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயைப் பாருங்கள். திறந்திருந்தால் இரவெல்லாம் அதிலிருந்து கொசு கிளம்பும். நைலான் வலையை இரட்டையாக மடித்துக் கம்பியால் கட்டுங்கள், மூடி போட்டு அடைக்காதீர்கள், காற்று போக வேண்டும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஆகவே சம்ப் மூடி, டேங்க் மூடி, ஏர் கூலர் தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். வலையை வெல்க்ரோவால் ஒட்டுவதாக இருந்தால் சட்டத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகு ஒட்டுங்கள். சுண்ணாம்புத் தூசி மேல் ஒட்டினால் இரண்டே நாளில் தொங்கும்.

மேல் மாடி வீடு. ராத்திரி பதினோரு மணிக்கும் சீலிங் அனலா அடிக்குது. ஏ.சி. இல்லாம ஏதாவது பண்ண முடியுமா?

முடியும், ஆனால் வேலை மாடியில் நடக்க வேண்டும். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். பகலெல்லாம் கான்கிரீட் குடித்த சூட்டை இரவில்தான் அறைக்குள் விடுகிறது. சூடு ஏறாமலே தடுப்பதற்கு மலிவான வழி சுண்ணாம்பு. பங்குனி பிறப்பதற்குள் அடித்துவிடுங்கள். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், 50 கிராம் ஃபெவிகால் என்ற கணக்கு. கல் சுண்ணாம்பானால், இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி அதில் கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் பக்கெட் அந்தச் சூட்டில் இளகிவிடும். ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஃபெவிகாலைக் கலக்குங்கள். மாடியைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, தரையை நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தென்னந்துடைப்பத்தால் மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் ஏடு ஏடாக உரியும். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே தூக்கம் வரும். மழையில் கரையும், ஆகவே வருஷா வருஷம் அடிக்க வேண்டும்.

ஓனர் ஒப்பவில்லை என்றால் படுக்கும் அறைக்கு மேலே மட்டும் நான்கு கம்பு நட்டுத் தென்னங்கீற்றோ பச்சை வலையோ கட்டுங்கள். தரையிலிருந்து ஒரு அடியாவது இடைவெளி இருந்தால்தான் காற்று நடுவில் ஓடும். ஜன்னல்களைக் காலை ஒன்பது மணிக்குள் சாத்தி, இரவு வெளியே குளிர்ந்த பிறகு எதிரெதிரே திறந்து வையுங்கள். ஏர் கூலர் வாங்கினால் ஒரு ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், மூடிய அறையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். சாயங்காலம் மாடிக்குத் தண்ணீர் தெளிப்பதும் உதவும், ஆனால் விரிசல் இருக்கும் மாடியில் வேண்டாம்.

சுவத்துல ஆணி அடிச்சா காரை காரையா பேந்து வருது.

பூச்சு அரை இஞ்சுதான், அதன் பின்னால் செங்கல். ஆணி பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். 6 மில்லிமீட்டர் பிட்டால் 40 மில்லிமீட்டர் ஆழம் துளைத்து, அதே அளவு பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி ஸ்க்ரூ போடுங்கள். பிட்டில் 40 மில்லிமீட்டரில் டேப் சுற்றிவிட்டால் ஆழம் தவறாது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் ஒயர் ஓடும், அங்கே துளைக்கவே கூடாது. ஓட்டை பெரிதாகி பிளக் ஆடினால், ஒயிட் சிமெண்டைக் குழைத்து அடைத்து, பிளக்கை அதில் அழுத்தி, மறுநாள் ஸ்க்ரூ முறுக்குங்கள்.

ஐப்பசி மழை வந்தா கதவு சாத்த முடியலை. இழைச்சிடலாமா?

பொறுங்கள். மழையில் ஊதிய மரம் தையில் சுருங்கிவிடும். இப்போது இழைத்தால் அப்புறம் இடுக்கு விழும். முதலில் கீல் ஸ்க்ரூ தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறதா பாருங்கள். தளர்ந்திருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டையில் ஃபெவிகால் தொட்ட தீக்குச்சி இரண்டு மூன்றைத் திணித்து, காய்ந்த பிறகு முறுக்குங்கள். அப்படியும் உரசினால் சட்டத்தில் சாக்பீஸ் தடவிச் சாத்துங்கள், கதவில் வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மெழுகுவர்த்தி பூசுங்கள்.

ஃபேன் அஞ்சுல வச்சாலும் மெதுவா சுத்துது.

பக்கத்து அறை ஃபேனும் மெதுவாக ஓடினால் வோல்டேஜ் குறைவு. இது ஒன்று மட்டும் என்றால் கெப்பாசிட்டர் தேய்ந்திருக்கும். சாதாரண சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் அச்சிட்ட எண்ணையே வாங்குங்கள், கூடுதல் எண் போட்டால் மோட்டார் சூடாகும். சுவிட்சை மட்டும் நம்பாமல், முதல் கேள்வியில் குறித்து வைத்த எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஏறுங்கள். ரிமோட் ஃபேனுக்கு இந்தக் கெப்பாசிட்டர் கணக்கு பொருந்தாது.

அடிக்கடி ட்ரிப் ஆகுது. எது காரணம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் லோடு அதிகம் அல்லது ஷார்ட். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. கசிவுக்கு, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே வாருங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான். வேலூரில் முதல் சந்தேகம் கெய்சர் மேல், காரணம் மேலே சொன்ன வெடித்த சுருள். இரண்டாவது தண்ணீர் மோட்டார். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் குற்றம் ஒயரிங்கில், எலக்ட்ரீஷியன் வரட்டும். தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணச் சொல்லாதீர்கள். அது ஒன்றுதான் ஈரக்கையோடு நிற்கும் பிள்ளையைக் காப்பாற்றும்.

ஆஸ்பத்திரி வைத்தியத்துக்காக ரெண்டு மாசம் ரூம் எடுத்திருக்கோம். இண்டக்‌ஷன் அடுப்பை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடலாமா?

கூடாது. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பெட்டியும் சின்ன பிளக்கும் 6 ஆம்பியருக்கானவை, ஒயர் இளகித் தீப்பிடிக்கும். அறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இல்லையென்றால் அடுப்பை 1000 வாட்டுக்கு மேல் ஏற்றாமல், சுவர் பாயிண்டிலேயே நேராகச் சொருகிச் சமையுங்கள். பிளக் கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே நிறுத்துங்கள். ஓனர் சப் மீட்டர் வைத்திருந்தால் யூனிட் எவ்வளவு என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

கேஸ் கனெக்‌ஷன் வந்திருச்சு. நாமளே மாட்டிக்கலாமா?

மாட்டலாம். சிலிண்டரைத் தரையில் நேராக நிறுத்தி, அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் ட்யூப் மேல் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷத்துக்கு மேல் வேண்டாம். சிலிண்டர் வளையத்தின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் வருஷத்தின் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அது அடுத்த பரிசோதனைக்கான கெடு, தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். மாட்டிய பிறகு சோப்பு நுரையை ரெகுலேட்டர் வாயிலும் ட்யூப் இரு முனையிலும் தடவுங்கள். குமிழி வந்தால் ரெகுலேட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து போன் செய்யுங்கள்.

காலி பண்ணும்போது சுவத்து ஓட்டையை எப்படி மூடுறது? பேஸ்ட் வச்சா தெரியாதாமே?

டூத் பேஸ்ட் காய்ந்து சுருங்கி, அடுத்த மழையில் மஞ்சளாகத் தெரியும். பிளக்கை ஸ்க்ரூவோடு சேர்த்துக் கொறடால் இழுத்து எடுங்கள். ஓட்டைத் தூசியை ஊதி, தண்ணீர் தெளித்து, ஒயிட் சிமெண்டை இட்லி மாவுப் பதத்தில் குழைத்துத் திணியுங்கள். ஆழமான ஓட்டைக்கு இரண்டு தடவையாக, நடுவில் ஒரு நாள் விட்டு அடையுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் சமமாக்குங்கள். சுவரின் பெயிண்ட் டப்பா மாடிப்படிக்கு அடியில் எங்காவது கிடக்கும், ஓனரிடம் கேட்டால் கிடைக்கும். அதிலிருந்து பஞ்சால் தொட்டு ஒற்றி எடுங்கள், பிரஷ் போட்டால் திட்டு தனியாகத் தெரியும்.